நிலையான நைட்டா, வாராவாரம் மாறும் ஷிப்டா: சுகர் இருப்பவருக்கு எது தாங்கும்?

ராணிப்பேட்டை சிப்காட்டில் பதினேழு வருடம் ஜெனரல் ஷிப்ட் பார்த்தவன் நான். போன வருடம் எங்கள் பிரிவில் ஜெனரல் ஷிப்டை எடுத்துவிட்டு இரண்டு வழி கொடுத்தார்கள். ஒன்று, வாராவாரம் மாறுகிற மூன்று ஷிப்ட். இன்னொன்று, யாரும் விரும்பிக் கேட்காத நிலையான நைட், இரவு 10 முதல் காலை 6 வரை. எனக்கு வயது 48. சுகர் வந்து ஒன்பது வருடம் ஆகிறது, மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு என்று இரண்டு சுகர் மாத்திரை சாப்பிடுகிறேன். ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை ஏறக்குறைய மூன்று மாத சுகர் நிலவரத்தைச் சொல்லும் என்பதால், இரண்டு வழியையும் மூன்று மாதத்துக்குக் குறையாமல் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எல்லாரையும் போல முதலில் மாறும் ஷிப்டைத்தான் எடுத்தேன். மூன்று வாரத்தில் ஒரு வாரம்தானே கண் விழிக்கணும், மற்ற நாளெல்லாம் வீட்டில் படுக்கலாம் என்று நினைத்தேன். முதல் நைட் வாரத்திலேயே அடி விழுந்தது. காலை 7 மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மாத்திரை கவரில் 1-0-1 என்று எழுதியிருந்தது, காலை ஒன்று, இரவு ஒன்று. பொழுது விடிந்துவிட்டதே என்று காலை மாத்திரையைப் போட்டு, ஒரு டீ மட்டும் குடித்துவிட்டுப் படுத்துவிட்டேன். பத்தரை மணிக்கு என் மனைவி எழுப்பியபோது தலையணை சொதசொதவென்று நனைந்திருந்தது. வெயிலில் வேர்க்கிறது என்றுதான் அவளும் முதலில் நினைத்திருக்கிறாள். "இன்னாங்க, கண்ணத் தொறங்க" என்று அவள் உலுக்கியது எங்கோ தூரத்தில் கேட்டது. குளுக்கோமீட்டரில் 54.

70-க்குக் கீழே போனால் லோ சுகர். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். ஏறிய பிறகு இட்லியோ சாதமோ ஏதாவது சாப்பிட வேண்டும். கிளிமெபிரைட் மாதிரி மாத்திரையால் வந்த லோ சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம், அதனால் அன்று முழுவதும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். ஆள் நினைவில்லாமல் கிடந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-க்கு போன் போட வேண்டும்.

மறுநாள் டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "காலைன்னு நான் எழுதுனது கடியாரத்துக்கு இல்லீங்க, சாப்பாட்டுக்கு. தூங்கி எழுந்து நீங்க சாப்பிடுற முதல் பெரிய சாப்பாடு எதுவோ, அதான் உங்களுக்குக் காலை." கிளிமெபிரைட் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கிற மாத்திரை. உள்ளே சோறு போனாலும் போகாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இப்படி லோ ஆவது அபூர்வம்.

இந்த ஒரு விஷயத்தை வைத்துப் பார்த்தாலே இரண்டு ஷிப்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்துவிடும். நிலையான நைட்டில் என் "காலை" மதியம் 3 மணி. வேலை நாள் எல்லாவற்றிலும் அதே 3 மணி. மாறும் ஷிப்டில் அது இந்த வாரம் காலை 8, அடுத்த வாரம் 10, அதற்கடுத்த வாரம் மதியம் 3. ஷிப்ட் மாறும் ஞாயிற்றுக்கிழமைதான் ரொம்ப மோசம். ஒரு மாத்திரைக்கும் அடுத்ததுக்கும் நடுவே இடைவெளி ஒரு தரம் நெருங்கிவிடும், ஒரு தரம் நீண்டுவிடும். மாறும் ஷிப்டில் இருந்தபோது என் ஹெச்பிஏ1சி 8.6. நிலையான நைட்டில் நாலாவது மாதம் எடுத்தது 7.4. என் ஒருவன் கணக்கு ஊருக்கே பொருந்தாது, தெரியும். ஆனால் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை உள்ளடக்கிய 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் வெளியான முடிவும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஷிப்ட் பார்க்காதவர்களைவிட ஷிப்ட் பார்ப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் வாய்ப்பு 9 சதவீதம் அதிகம், மாறும் ஷிப்ட்காரர்களுக்கு மட்டும் எடுத்தால் 42 சதவீதம். அது நோய் வருவதைப் பற்றிய கணக்கு, வந்ததைக் கட்டுப்படுத்துவது பற்றியதல்ல. இருந்தாலும் உடம்பு எதைத் தாங்காது என்பதை அது காட்டுகிறது.

நைட்டில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ராத்திரியில் இன்சுலின் வேலை மந்தம். பகலில் தாங்குகிற அதே சாப்பாடு நடுராத்திரியில் சுகரை அதிகம் ஏற்றும். ராத்திரி ஒரு மணிக்கு விடும் இடைவேளையில் கேன்டீன் எலுமிச்சை சாதம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தேன், 248. இன்னொரு நாள் வீட்டிலிருந்து கொண்டுபோன கொண்டைக்கடலை சுண்டலும் மோரும், 171. அன்றிலிருந்து டிபன் பாக்ஸ்தான். கிளம்புமுன் எட்டரைக்குக் கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல். வடாற்காட்டுக்காரர்கள் நாம் களி என்றால் சுகர் ஏறாது என்று நம்பி மூன்று உருண்டை உள்ளே தள்ளுவோம். அது தப்பு. கேழ்வரகிலும் மாவுச்சத்து இருக்கிறது. ஒரு உருண்டை, கீரை இரண்டு மடங்கு, அவ்வளவுதான்.

நைட்டுக்குப் பெரிய எதிரி வேலூர் வெயில். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும்போது ஷீட் போட்ட வீட்டில் பகலில் எப்படித் தூங்குவது? தூக்கம் கெட்டாலும் சுகர் ஏறும். ஜன்னலுக்கு ஈரச் சாக்கு கட்டிப் பார்த்தேன், பதினோரு மணி வரைதான் தாங்கியது. இந்த ஒரு விஷயத்தில் மாறும் ஷிப்ட் ஜெயிக்கிறது, மூன்றில் இரண்டு வாரமாவது ராத்திரி தூங்கலாம்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு நிலைமை இன்னும் கடினம். என் பக்கத்து மெஷின் அண்ணன் காலை, இரவு என்று இரண்டு வேளை கலவை இன்சுலின் போடுகிறவர். அந்த ஊசிக்கு ஏற்றபடி சாப்பாடும் நேரத்துக்கு வந்தாக வேண்டும். வாராவாரம் நேரம் மாறினால் அவர் பாடு திண்டாட்டம். நாளுக்கு ஒரு முறை போடுகிற நீண்ட நேர இன்சுலின் ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேட்பது நல்லது, அளவையோ நேரத்தையோ நாமாக மாற்றக் கூடாது. உபயோகத்தில் இருக்கும் மருந்தை 30 டிகிரிக்குள் வைக்க வேண்டும், பெரும்பாலானவை சுமார் நாலு வாரம் தாங்கும். பைக் டிக்கியில் மட்டும் வைக்காதீர்கள். அண்ணன் ஒரு அகலச் சட்டியில் ஈர மணலைக் கொட்டி, அதற்குள் சின்ன மண்பானை இறக்கி, எவர்சில்வர் டப்பாவில் மருந்தை வைத்து ஈரத்துணியால் மூடியிருக்கிறார். டப்பாவைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும்.

மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர் மாறும் ஷிப்டைச் சமாளித்துவிடலாம். அப்போதும் முதல், செகண்ட், நைட் என்று முன்னோக்கிப் போகிற வரிசையைக் கேட்டு வாங்குங்கள், தலைகீழாகப் போனால் உடம்பு பழக இன்னும் கஷ்டப்படும். கிளிமெபிரைடோ இன்சுலினோ இருந்தால் என் ஓட்டு நிலையான ஷிப்டுக்கே, நைட்டாக இருந்தாலும். நிலையான முதல் ஷிப்ட் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு மணிக்கு எழுந்த கையோடு மாத்திரை போடாமல், எட்டு மணி டிபனுக்கு முன் போடலாமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த கடிதத்தோடு மேனேஜரைப் பார்த்தேன். வருடம் முழுக்க நைட், ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை மட்டும் முதல் ஷிப்ட் என்று ஒத்துக்கொண்டார். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொடுக்க வரும் அக்கா பதினோரு மணிக்கு வந்தால் என்னை எழுப்புவதில்லை, மனைவி வாங்கி வைத்துவிடுவாள். கவரில் 1-0-1-ஐ அடித்துவிட்டு அவள் கையாலேயே எழுதியிருக்கிறாள்: "எழுந்து சாப்பிடும்போது ஒண்ணு. வேலைக்குப் போகும்போது சாப்பிடச்சே ஒண்ணு."