எம்.எஸ்.டபிள்யூ.வா, டிப்ளமோவா, ஆன்லைன் சான்றிதழா? மதுரையிலிருந்து நிவாரணப் பணிக்குப் போகும் வழிகள்

டிகிரி ரிசல்ட் வரும் சமயத்தில் வருடா வருடம் யாராவது வந்து கேட்டுவிடுவார்கள்: “அண்ணே, புயல், வெள்ளம்னு வந்தா அங்க போய் வேலை செய்யிற மாதிரி ஒரு வேலைக்குப் போகணும். அதுக்கு என்ன படிக்கலாம்?” சுனாமி வந்தபோது கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் இவர்கள். 2018 கஜா புயலையும் அடுத்து வந்த கொரோனாவையும் பள்ளிக்கூட வயதில் பார்த்தவர்கள். ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மாமா எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படி என்கிறார், ஒரு சீனியர் தொலைநிலைக் கல்வி தரும் இக்னோ பல்கலைக்கழகத்தின் டிப்ளமோ போதும் என்கிறார், யூடியூப்பில் ஒருவர் ஐரோப்பாவுக்கு வா என்கிறார். கேட்டவன் குழம்பிப்போய் கடைசியில் பேங்க் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்துவிடுகிறான்.

மதுரையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஆள் எடுக்கும்போது மேஜைக்கு இந்தப் பக்கம் உட்காருகிறவர்களில் நானும் ஒருவன். அந்த நாற்காலியில் இருந்து பார்த்தால் எந்தப் படிப்பு எப்படித் தெரிகிறது என்பதைச் சொல்கிறேன்.

இன்டர்வியூவில் நாங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 500 குடும்பம் பாதிக்கப்பட்ட ஊர், கையில் 300 தார்ப்பாய். என்ன செய்வீர்கள்? பேரிடர் மேலாண்மை டிப்ளமோ முடித்தவர்கள் பெரும்பாலும் தடுப்பு, தயார்நிலை, மீட்பு, மறுவாழ்வு என்று கட்டம் கட்டமாக ஒப்பிப்பார்கள். தார்ப்பாய் அப்படியே கிடக்கும். எம்.எஸ்.டபிள்யூ. முடித்த ஒரு பெண் சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது. “வி.ஏ.ஓ. கிட்ட ரேஷன் கார்டு பட்டியல் வாங்குவேன் சார், ஆனா அதை மட்டும் நம்ப மாட்டேன். புருஷனை விட்டுட்டு அம்மா வீட்ல வந்து இருக்கிறவங்க பேரு இன்னும் அவரு கார்டுலதான் இருக்கும். அவங்களுக்குத் தனியா எதுவும் வராது.” எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். ஃபீல்டு ஒர்க்கில் என்றாள். பி.காம். மட்டும் படித்த ஒரு பையன் எங்களையே திருப்பிக் கேட்டான்: “லாரி எங்க நிக்கும்? சரக்கை எங்க இறக்குவீங்க? ராத்திரி யாரு காவல்?” இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டோம்.

எம்.எஸ்.டபிள்யூ.வில் இருந்தே தொடங்கலாம். மதுரையில் இதற்குப் பழைய பாரம்பரியம் உண்டு. அழகர்கோவில் சாலையில் இருக்கும் மதுரை சமூக அறிவியல் கல்லூரி 1963இல் தொடங்கியது. 2 வருடப் படிப்பு. வாரத்தில் சில நாள் ஃபீல்டு ஒர்க், நடுவில் கிராம முகாம், கடைசியில் ஒரு நிறுவனத்தில் தொடர் பயிற்சி என்பதுதான் இந்தப் படிப்பின் பொதுவான அமைப்பு. நிவாரணம் என்று தனிப் பிரிவு எதிர்பார்க்காதீர்கள். சமூக மேம்பாடு, மருத்துவ–மனநலம், மனிதவளம் என்று பிரிப்பார்கள். அங்கேதான் சிக்கல். சேரும்போது சேவை சேவை என்று பேசுகிறவர்களில் பாதிப் பேர் இரண்டாம் வருடத்தில் மனிதவளம் எடுத்துக்கொண்டு மில்லுக்கும் கம்பெனிக்கும் போய்விடுகிறார்கள். நான் குறை சொல்லவில்லை, வீட்டுக் கடன் யாருக்குத்தான் இல்லை. ஆனால் நிவாரணப் பணிதான் குறி என்றால் சமூக மேம்பாடு அல்லது மருத்துவ–மனநலம் எடுங்கள். பேரிடருக்குப் பிறகு ஆறு மாதம் கழித்தும் ஆள் தேவைப்படுவது மனநலப் பக்கம்தான், அதற்குப் படித்தவர்களும் குறைவு.

எம்.எஸ்.டபிள்யூ.வின் மதிப்பு பாடத்தில் பாதி என்றால், ஃபீல்டு ஒர்க்குக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்பதில் மீதி. மதுரைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. பலர் அதை வசதியாகவே நினைப்பதில்லை. ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று இலங்கைத் தமிழர் முகாம்கள் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கின்றன. (2021இல் அரசு இவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது.) அகதிகள் பற்றிப் படிக்க ஜெனீவா போக வேண்டும் என்று கனவு காண்கிறவர்கள், 1983க்குப் பிறகு அலை அலையாக வந்து இங்கேயே பேரன் பேத்தி எடுத்துவிட்டவர்களிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியதில்லை. முகாமுக்குள் போக முறையான அனுமதி வேண்டும், அதைக் கல்லூரி மூலம் வாங்குவதுதான் சுலபம். தனியாகப் போய் நின்றால் வேலைக்காகாது.

சரி, ஆன்லைன் படிப்புகள். காயா, டிசாஸ்டர்ரெடி என்ற இரண்டு தளங்களிலும் நிவாரணப் பணியாளர்களுக்கான பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தேசியப் பேரிடர் மேலாண்மை நிறுவனமும் இணையவழிப் பயிற்சிகள் நடத்துகிறது. இவற்றில் முதலில் படிக்க வேண்டியது ஸ்பியர் கையேடு பற்றிய பாடம். 1997இல் தொண்டு நிறுவனங்களும் செஞ்சிலுவை இயக்கமும் சேர்ந்து தொடங்கிய முயற்சி அது; இப்போது புழக்கத்தில் இருப்பது 2018ஆம் ஆண்டுப் பதிப்பு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், முகாமில் 20 பேருக்கு ஒரு கழிப்பறை, தங்குமிடத்தில் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் என்று அளவு வைத்துச் சொல்கிற கையேடு. எந்த ஊர் நிவாரணக் கூட்டத்திலும் இந்த எண்கள் அடிபடும்.

இந்தக் கணக்கை நம் ஊரில் போட்டுப் பாருங்கள். இலங்கைத் தமிழர் முகாம்களின் பழைய வரிசை வீடுகள் பல இடங்களில் பத்துக்குப் பத்து அடி. அதாவது 100 சதுர அடி, ஏறக்குறைய 9.3 சதுர மீட்டர். அதில் நாலு பேர் இருந்தால் ஆளுக்கு 2.3. கையேட்டுப்படி அந்த நாலு பேருக்கு 14 சதுர மீட்டர் வேண்டும். அவசர காலத்துக்கு என்று வைத்த குறைந்தபட்ச அளவு இது. இங்கே அதற்கும் கீழே, மூன்று தலைமுறை குடித்தனம் நடத்தியிருக்கிறது. புது வீடுகள் கட்டித் தரும் திட்டத்தைப் பிறகுதான் அரசு கையில் எடுத்தது. ஆன்லைன் பாடம் மட்டும் படித்தவனுக்கு 3.5 என்ற எண் தெரியும். முகாமுக்கு மட்டும் போனவனுக்கு அந்த வீட்டில் வயதுக்கு வந்த பெண் உடை மாற்ற இடமில்லை என்று தெரியும். இரண்டும் தெரிந்தவன்தான் கலெக்டர் ஆபீசில் மனுவை எழுத முடியும்.

குறைந்தபட்ச அளவு என்ற பேச்சுகூட நமக்குப் புதிது இல்லை. தாது வருஷப் பஞ்சத்தில், 1877இல், சென்னை மாகாணத்து நிவாரண வேலைகளில் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று பிரிட்டிஷ் இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் கூலியை வெட்டினார். உடல் உழைப்புக்கு இது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் எதிர்த்து எழுதினார். ஒரு மனிதனுக்கு எவ்வளவு இருந்தால் போதும் என்ற சண்டை அப்போதே இங்கே நடந்திருக்கிறது. எந்தக் கல்லூரியிலாவது இதை ஒரு வகுப்பாக எடுத்தால் நன்றாக இருக்கும்.

ஆன்லைன் சான்றிதழ்களின் பலவீனம், அவை மிக எளிதாகக் கிடைப்பதுதான். பயோடேட்டாவில் பதினைந்து சான்றிதழ் போட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். இரண்டு போதும், ஆனால் அதில் என்ன படித்தாய் என்று கேட்டால் பதில் வர வேண்டும்.

காந்திகிராமத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். காந்தியவாதிகளான சௌந்திரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் ஊன்றியது. கிராமிய நிறுவனம் 1956இல் வந்தது, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. மதுரையில் இருந்து திண்டுக்கல் போகும் வழியில் சின்னாளப்பட்டிக்குப் பக்கம். அங்கே மாணவர்களைக் கிராமத்தில் தங்க வைக்கும் வழக்கம் ஆரம்பம் முதலே உண்டு. சாந்தி சேனை என்று ஒன்றும் இருக்கிறது. பூசல் வந்தால் அடக்கவும், ஆபத்தில் உதவவும் மாணவர்களைப் பழக்குவது அதன் நோக்கம். நகரத்துக் கல்லூரியில் படித்தவர் ரிப்போர்ட் எழுதுவதில் கொஞ்சம் முந்துவார், காந்திகிராமத்துப் பிள்ளை ஊர்க்கூட்டத்தில் முந்துவார். இது என் அனுபவத்தில் பட்டது, விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது. ரிப்போர்ட் எழுத ஆறு மாதத்தில் பழக்கிவிடலாம், கோபத்தில் இருக்கும் கூட்டத்தின் நடுவே நின்று பேசப் பழக்குவது கஷ்டம்.

சோழவந்தான் பக்கம் தானம் அறக்கட்டளை என்ற தொண்டு நிறுவனத்தின் அகாடமி 2000இல் வந்தது. தங்கிப் படிக்கும் மேம்பாட்டு மேலாண்மைப் படிப்புக்குப் பெயர் வாங்கியது. நிவாரணத்துக்கு என்று வந்ததில்லை. கண்மாய், மகளிர் குழு, சிறுசேமிப்பு என்று நீண்ட கால வேலைக்கானது. நிவாரணத்தில் இருந்து மறுவாழ்வுக்கு மாறும் கட்டத்தில் இப்படிப் படித்தவர்கள் கைகொடுப்பார்கள். சேருவதற்கு முன் சான்றிதழ் எந்த வகை, அரசு வேலைக்குச் செல்லுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

டிப்ளமோ விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். இக்னோவின் பேரிடர் மேலாண்மை முதுநிலை டிப்ளமோ குறைந்தது ஒரு வருடம். மண்டல மையம் சிக்கந்தர் சாவடியில் இருக்கிறது, வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். ஏற்கெனவே தாலுகா ஆபீசிலோ தீயணைப்புத் துறையிலோ பள்ளிக்கூடத்திலோ இருப்பவர்களுக்கு இது நல்ல படிப்பு. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம், மாவட்ட ஆணையம், யாருக்கு என்ன அதிகாரம் என்பதெல்லாம் தெளிவாகும். அனுபவம் இல்லாதவர் இதை மட்டும் வைத்துக்கொண்டு வேலை தேடினால் கதவு திறப்பது கஷ்டம். முழு நேரமாகவே பேரிடர் படிக்க வேண்டும் என்றால் மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் முதுகலை இருக்கிறது. போட்டியும் அதிகம், மும்பைச் செலவும் அதிகம். இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

குறுகிய காலப் பயிற்சிகளை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு அவற்றின் மேல்தான் மரியாதை. அரசின் ஆப்த மித்ரா திட்டத்தில் தன்னார்வலர்களுக்கு 12 நாள் பயிற்சி: முதலுதவி, தேடுதல், வெள்ளத்தில் மீட்பு என்று உடம்பால் கற்கும் விஷயங்கள். உங்கள் மாவட்டத்தில் அடுத்த அணி எப்போது என்று கலெக்டர் அலுவலகப் பேரிடர் பிரிவில் கேட்டு வையுங்கள். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம் நடத்தும் முதலுதவி வகுப்புகளும் அப்படியே. பொறியியல் படித்தவர்களுக்கு நிவாரணப் பணிக்குப் பயிற்சி தரும் ரெட்ஆர் இந்தியா, புனேயில் இருக்கிறது. அதன் மூல அமைப்பை 1980இல் பிரிட்டனில் தொடங்கியவர் பீட்டர் கத்ரி என்ற பொறியாளர். வியட்நாமில் இருந்து படகில் தப்பி வந்தவர்களின் மலேசிய முகாமில் வேலை செய்துவிட்டு, இந்த வேலைக்குப் பழகிய பொறியாளர்கள் கூப்பிட்டதும் கிடைக்க வேண்டும் என்று நினைத்து ஆரம்பித்தார். சிவில் முடித்துவிட்டு வேலையில்லை என்று சொல்லும் தம்பிகள் தண்ணீர், கழிப்பறை, வடிகால் பக்கம் வந்தால் எம்.எஸ்.டபிள்யூ. தேவையே இல்லை.

அப்புறம் வெளிநாடு. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சில சேர்ந்து நிவாரணப் பணிக்கு என்று நடத்தும் நோஹா முதுகலை 1993 முதல் இருக்கிறது. சரக்கு, கிடங்கு, போக்குவரத்துக்கு என்றே பெயர் வாங்கியது பிரான்சில் லியோன் பக்கம் இருக்கும் பயோஃபோர்ஸ் என்ற பயிற்சி நிறுவனம். இரண்டும் நல்ல இடங்கள். ஆனால் ஃபீல்டில் இரண்டு வருடமாவது வேலை செய்யாமல் போகாதீர்கள். வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவர் சூடானிலோ சிரியாவிலோ வேலை பார்த்துவிட்டு வந்திருப்பார். நீங்கள் மட்டும் நோட்ஸ் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். கடன் வாங்கிப் போகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது, ஜூலையில் அந்த உதவியைக் கொடுத்துவந்த யுஎஸ்எய்டு அமைப்பையே மூடியது. உலகம் முழுக்க இந்தத் துறையில் அனுபவசாலிகளே வேலை இழந்தார்கள். புதிதாகப் படித்து வருகிறவர் அவர்களோடு போட்டி போட வேண்டும்.

உள்ளூரிலும் காசு விவகாரம் மாறிவிட்டது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்தில் இருந்து 20க்கு இறக்கியது. பெரிய நிறுவனம் வாங்கிய பணத்தைச் சிறிய நிறுவனத்துக்குக் கைமாற்றவும் தடை. மதுரைச் சுற்றுவட்டாரத்தில் நாலைந்து பேரோடு நடந்த சின்னச் சின்ன அமைப்புகள்தான் அடி வாங்கின. புதுப் பிள்ளைகள் முதல் வேலையில் ஏறி நின்றதும் அங்கேதான். இன்னொரு பக்கம், கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணத்தைப் பேரிடர் வேலைக்குச் செலவிடலாம் என்று 2019இல் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். அந்தப் பணம் கணக்கு கேட்கும், படம் கேட்கும், எக்செல் கேட்கும். பி.காம். பையனை நாங்கள் எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே பி.ஏ. தமிழோ வரலாறோ முடித்த பிள்ளைக்கு என் பதில் இதுதான்: எம்.எஸ்.டபிள்யூ. அல்லது காந்திகிராமம், படிக்கும்போதே ஸ்பியர் பாடமும் முதலுதவியும். காமர்ஸ், பொறியியல் முடித்தவர்கள் இன்னொரு பட்டத்துக்கு 2 வருடம் செலவழிக்க வேண்டாம். குறுகிய பயிற்சி ஒன்று எடுத்துக்கொண்டு நேராக வேலைக்கு வாருங்கள். வேலையில் இருப்பவர்களுக்கு டிப்ளமோ.

எந்தக் கல்லூரியில் சேருவதானாலும் விளம்பரப் புத்தகத்தைப் புரட்டுவதை விட்டுவிட்டு, போன வருடம் மாணவர்களை ஃபீல்டு ஒர்க்குக்கு எங்கெங்கே அனுப்பினீர்கள் என்று ஆபீசில் பட்டியல் கேளுங்கள். முகாம், அரசு ஆஸ்பத்திரி, ஆதரவற்றோர் இல்லம், மலைக்கிராமம் என்று இருந்தால் சேரலாம். எல்லாமே மில், கம்பெனி என்றால் அங்கே மனிதவளம்தான் ஓடுகிறது என்று அர்த்தம். பட்டியல் தர மறுத்தால் எதிர்த்த டீக்கடையில் இரண்டாம் வருடப் பிள்ளைகள் நிற்பார்கள், அவர்களிடம் கேளுங்கள்.