குமரிப் பாறைக்கும் கடற்கரை மணலுக்கும் ஒரே கணக்குப் போதுமா?

குமரி மாவட்டத்தின் தக்கலைப் பக்கம் ஆழ்துளைக் கிணறு (போர்) போடும்போது அருகில் நின்றவர்களுக்குத் தெரியும்: கேசிங் பைப் இறக்கிய மண்ணடுக்கு முடிந்து பாறை தொடங்கியதும் வெறும் கல்தூள்தான் புகையாகப் பறக்கும், ஏதோ ஓர் ஆழத்தில் 'கேப்' விழுந்தால், அதாவது பாறைப் பிளவு தட்டுப்பட்டால், அதே வாயில் தண்ணீர் பீறிடும். சில அடி தள்ளிப் போட்ட மற்றொரு போரில் கடைசிவரை புகையே மிஞ்சுவதும் உண்டு. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இந்த நாடகம் இல்லை. அடுத்தடுத்த கிணறுகளில் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நீர் நிற்கும்.

நிலத்தடி நீரோட்டத்தையும் அதில் கரைந்து செல்லும் மாசையும் கணிக்க மூன்று கணக்கீட்டு மாதிரிகள் போட்டியிடுகின்றன. நிலம் முழுவதையும் மணலைப் போல எங்கும் சீராக நீர் கசியும் நுண்துளை ஊடகமாகவே கொள்வது முதலாவது. 1856இல் டார்சி மணல் வடிகட்டிகளில் கண்ட விதியே இதன் அடிப்படை. இம்முறையில் கணக்கிடும், அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் மோட்ஃப்ளோ மென்பொருளை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கடற்கரை மணலுக்கு இதுவே போதும். ஆனால் நன்னீரைவிடச் சுமார் 2.5 விழுக்காடு கனமான கடல்நீர் உட்புகும் இடங்களில் அடர்த்தி வேறுபாட்டையும் சேர்த்துக் கணிக்க வேண்டும். மாவட்டத்தின் உட்பகுதியிலுள்ள சார்னோகைட், நைஸ் ஆகிய கடினப் பாறைகளிலும், பல பிளவுகள் சேர்ந்து சராசரியாகிவிடும் அளவுக்குப் பரப்பு பெரிதாக இருந்தால், நீர்மட்டத்தை இது ஓரளவு சரியாகவே சொல்லிவிடும்.

மாசு என்று வரும்போதுதான் சறுக்கும். ஒரு சதுர மீட்டர் வழியே நாளொன்றுக்கு 10 லிட்டர் நீர் கடப்பதாக வைத்துக்கொள்வோம். நிலத்தின் கன அளவில் நீர் ஓடும் வெற்றிடம் 20 விழுக்காடு என்றால் நீர் நாளுக்கு 5 செ.மீ. நகரும்; பிளவுகளில் மட்டும் 0.1 விழுக்காடு என்றால் 10 மீட்டர். செப்டிக் டேங்கிலிருந்து 30 மீட்டர் தள்ளியுள்ள கிணற்றுக்கு அழுக்கு வந்து சேர முன்னதில் 600 நாள், பின்னதில் 3 நாள். நீரின் அளவு இரண்டிலும் ஒன்றே என்பதால், நீர்மட்டத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து மாதிரி சரி என்று நம்புபவருக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது.

நேர் எதிர்முனையில் இருப்பது, ஒவ்வொரு பிளவையும் தனித்தனியே வரையும் பிளவு வலைப்பின்னல் மாதிரி. பிளவின் அகலம் இரட்டித்தால் ஓட்டம் எட்டு மடங்காகும் என்பதால், 0.1 மி.மீ.யா 0.2 மி.மீ.யா என்ற ஐயமே கணக்கைக் கவிழ்த்துவிடும். கல்குவாரிச் சுவரில் அளக்கலாமே என்றால், வெடிவைத்துப் பாரம் நீங்கிய அந்தப் பிளவுகள் ஆழத்தில் உள்ளவற்றைவிட விரிந்தே இருக்கும். ஆழ்பாறையில் அணுக்கழிவைப் புதைக்க ஆராயும் ஸ்வீடன், பின்லாந்து போன்ற நாடுகளுக்கு இச்செலவு தகும். ஓர் ஊராட்சிக்குத் தகாது.

நடுவில் நிற்கும் இரட்டை நுண்துளை மாதிரியே குமரிப் பாறைக்கு ஏற்றது என்பது என் கருத்து. 1960இல் சோவியத் ஆய்வாளர்கள் முன்வைத்த இக்கருத்தை 1963இல் வாரனும் ரூட்டும் எண்ணெய்க் கிணறுகளுக்குப் பயன்படுத்தினர். பிளவில் நீர் விரைய, பக்கத்துப் பாறையின் நுண்துளைகளுக்குள் நீரில் கரைந்த உப்பு மெல்ல ஊடுருவித் தங்கி, பிறகு மெல்லத் திரும்பிக் கசிவதை இது கணக்கில் கொள்கிறது. செப்டிக் கசிவை அடைத்த பின்னும் கிணற்றில் அக்கழிவின் நைட்ரேட் உப்பு இறங்க மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிளவுக்கும் நுண்துளைகளுக்கும் இடையிலான பரிமாற்ற விகிதத்தை நேரடியாக அளக்க முடியாதது இதன் குறை. ஒரு போரில் உப்புக் கரைசலை ஊற்றி, பக்கத்துப் போரில், உப்பு கலந்தால் உயரும் நீரின் மின்கடத்துத் திறனை நாள்தோறும் குறித்து வந்தால் அதை ஓரளவு ஊகிக்கலாம். உப்பு வந்து சேர்ந்த நாளோடு நின்றுவிடாமல், அது முற்றிலும் வடியும்வரை அளக்க வேண்டும்.