கறுப்புத் தையல் மெஷின்: 11 வருட அனுபவம், மானம் போன கணக்கும் சேர்த்து

2014 பொங்கலுக்கு வாங்கியது. கறுப்பு உடம்பு, பொன்னிறப் பூ வேலை, இரும்பு ஸ்டாண்டு, மரப்பலகை, காலால் மிதிக்கிற ரகம். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. கீழே வரும் கதைகளில் பாதிக்கு மெஷின் பொறுப்பில்லை. மீதிப் பாதிக்கும் இல்லை.

வாங்கித் தந்தவர் வீட்டுக்காரர். சும்மா தரவில்லை, காந்தி கதையோடு தந்தார். 1924-ல் காந்தியிடம், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று ஒருவர் கேட்டாராம். சிங்கர் தையல் மெஷினுக்கு மட்டும் அவர் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சிரமப்படுவதைப் பார்க்கச் சகிக்காமல், அன்பினால் சிங்கர் உருவாக்கிய மெஷின் அது என்றார். எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. பிறகு சாவகாசமாகப் படித்தால், ஹோவ் என்பவர் 1846-லேயே தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார், சிங்கர் வந்தது 1851-ல். அதோடு சிங்கர் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் நடத்தியவர். எந்த மனைவியின் சிரமத்தைப் பார்த்தார் என்று வீட்டுக்காரரிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதல் மாதம் நூல் அறுந்துகொண்டே இருந்தது. நான்கு தையல், டப். மறுபடி கோத்து நான்கு தையல், டப். மெஷினே கோளாறு என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். மெக்கானிக் வந்தார். மெஷினைப் பார்ப்பார் என்று நினைத்தால், என்னை உட்காரவைத்து மிதிக்கச் சொல்லிவிட்டுக் காலையே பார்த்தார்.

“மெஷினு நல்லாத்தான் இருக்குதுங்க அக்கா. நீங்கதான் ரிவர்ஸ்ல போறீங்க.”

கைச்சக்கரம் நம்மை நோக்கிச் சுழல வேண்டும். மிதியை முதலில் அழுத்தும்போது குதிகாலும் விரலும் மாறிப் போனால் அது பின்பக்கம் ஓடும். நூல் ஊசிக்கு அடியில் இருக்கிற ஷட்டிலில் சிக்கி அறுந்துபோகும். ஆரம்பத்தில் கைச்சக்கரத்தை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் மிதிக்க வேண்டும் என்பதைத் தெருவில் எல்லோரும் தெரிந்துவைத்திருந்தார்கள், என்னைத் தவிர.

போகும்போது அவர் சொன்ன இன்னொன்று 11 வருடமாக உதவுகிறது. “கீழ சிக்கு விழுந்தா மேல பாருங்க.” துணியின் அடியில் நூல் குருவிக்கூடு கட்டினால் எல்லோரும் கீழ்நூல் சுற்றிய பாபினைக் கழற்றித் துடைப்போம். உண்மையில் மேல்நூல் அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே சரியாக உட்கார்ந்திருக்காது, அல்லது துணியை அழுத்திப் பிடிக்கிற பிரஸ்ஸர் ஃபுட்டை இறக்க மறந்திருப்போம். இரண்டாவதை நான் வாரம் ஒருமுறையாவது இன்னும் செய்கிறேன்.

கொஞ்சம் கை பழகியதும் அக்கம்பக்கத்து வேலைகள் வந்தன. பக்கத்து வீட்டு அண்ணனின் புது பேன்ட். இரண்டு அங்குலம் குறைக்க வேண்டும். ஒரு காலைக் குறைத்து மடித்துத் தைத்தேன். பால் பொங்கும் சத்தம் கேட்டு எழுந்து போனேன். திரும்பி வந்து அடுத்த காலைக் குறைத்தேன். தேய்த்து மடிக்கும்போதுதான் தெரிந்தது, அடுத்த கால் என்று நினைத்து அதே காலை இரண்டாவது தடவையும் வெட்டியிருக்கிறேன். ஒரு கால் நான்கு அங்குலம் குட்டை, இன்னொன்று அப்படியே. இரண்டையும் முட்டி வரைக்கும் வெட்டி அரைக்கால் டவுசராக்கித் தந்தேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அக்காதான் மறுநாள் வந்து, “பேங்குக்குப் போட்டுட்டுப் போக முடியாதே” என்றார். புதுப் பேன்ட்டுக்குப் பணம் கொடுத்தேன். அண்ணன் தினமும் காலையில் அந்த டவுசரில்தான் வாக்கிங் போகிறார், என் வீட்டு வாசல் வழியாக.

சரி, துப்பட்டிக்கு, அதாவது துணிகளை அடுக்கித் தைக்கிற போர்வைக்கு வருகிறேன். இந்த மெஷினின் உண்மையான பரீட்சை அதுதான், என்னுடையதும்.

அம்மாவின் பழைய காட்டன் சேலைகள் ஒரு மூட்டை இருந்தன. தூக்கிப் போட மனமில்லை. சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டி மேல்துணி, நடுவில் நைந்த போர்வை, அடியில் அப்பாவின் வேட்டி. மூன்றையும் சேர்த்து நெடுகத் தையல் ஓட்ட வேண்டும், அவ்வளவுதானே என்று உட்கார்ந்தேன். ஆறடி நீளத்துக்கு முதல் தையலை ஓட்டி முடித்தால், மேல்துணி இரண்டு விரற்கடை முன்னால் வழிந்து நிற்கிறது, அடித்துணி குட்டையாகி நிற்கிறது. வெட்டும்போது சரியாகத்தானே இருந்தது? காரணம் எளிது. ஊசிக்கு அடியில் இருக்கிற மெஷினின் பல் அடித்துணியைத்தான் இழுக்கிறது. மேல்துணியை பிரஸ்ஸர் ஃபுட் அழுத்திப் பிடித்துத் தடுக்கிறது. ஒரு தையலுக்கு நூலிழை அளவு வித்தியாசம், ஆறடியில் இரண்டு விரற்கடை. இதற்கென்றே மேலிருந்தும் இழுக்கிற வாக்கிங் ஃபுட் என்று ஒன்று விற்கிறார்கள். அது இல்லாவிட்டால் நெருக்கமாக ஊக்குக் குத்தி, நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாகத் தைத்துப் போக வேண்டும்.

கர்நாடகத்தில் யல்லாப்பூர், ஹளியால் பக்கம் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகத்துப் பெண்கள் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி, பழந்துணித் துண்டுகளை மடித்து வைத்துக் கையாலேயே சுற்றிச் சுற்றித் தைத்து நடுவில் வந்து முடிக்கிறார்கள். கவந்தி என்று பெயர். நான்கு மூலையிலும் பூலா என்று துணிப்பூ வைக்காவிட்டால் அந்தப் போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்களாம். என் முதல் துப்பட்டியின் நான்கு மூலையும் நான்கு திசைக்குப் போயிருந்தது, பூவைப் பற்றி யோசிக்கவே இடமில்லை.

இன்னொரு சங்கடம் இடம். ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவே ஒரு சாண் கூட இல்லை. இரட்டைக் கட்டில் அளவுத் துப்பட்டியைப் பாய் மாதிரி சுருட்டி அந்தச் சந்துக்குள் திணிக்க வேண்டும். மிச்சம் மடியில் கிடக்கும். அப்படி மடியில் கிடந்ததில் என் நைட்டியும் சேர்ந்து மேலே ஏறிவிட்டதை நான் கவனிக்கவில்லை. ஒரு முழம் போன பிறகுதான் வயிற்றுப் பக்கம் யாரோ இழுக்கிற மாதிரி இருந்தது. சரியாக அப்போது காலிங் பெல். சிலிண்டர்.

சிலிண்டரை விட்டால் மறுபடி எப்போது வருவாரோ. கத்தரி துப்பட்டிக்கு அடியில் எங்கேயோ புதைந்திருந்தது. ஃபுட்டைத் தூக்கி, நூலைப் பல்லால் கடித்து, முழுத் துப்பட்டியையும் அள்ளி இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, தேர்ச்சீலை மாதிரி தரையில் புரள வாசலுக்குப் போனேன். ஈரோட்டுச் சித்திரை வெயில். தம்பி சிலிண்டரை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“குளிருங்களாக்கா?”

“ஆமா” என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்த ஒரு முழத்தைப் பிளேடால் பிரிக்க இரண்டு மணி நேரமானது. இதை மெஷினுக்கான பாராட்டாகவே எழுதுகிறேன்: நான்கு மடிப்புக் காட்டனை 18-ஆம் நம்பர் ஊசியோடு ஒரு தையல் கூட விடாமல் தைத்திருந்தது.

துப்பட்டி முடிந்தது. குத்திய ஊக்கு 60. எண்ணித்தான் குத்தினேன். கழற்றி டப்பாவில் போட்டால் 59. தடவித் தடவிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. தப்பாக எண்ணியிருப்பேன் என்று விட்டுவிட்டேன். அந்த வாரம் மாமனார் ஊரிலிருந்து வந்தார். புதுத் துப்பட்டி, மருமகள் தைத்தது, மெத்தையில் விரித்தாயிற்று. காலையில் காபி குடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

“மெத்தையில கட்டெறும்பு இருக்குமாட்ட இருக்குது அம்மிணி. ராவெல்லாம் ஒரே எடத்துலயே கடிக்குது.”

வீட்டுக்காரர் காபியைத் துப்பிவிட்டார். அவருக்கு டப்பா கணக்குத் தெரியும். நான் மருந்தடிக்கிறேன் மாமா என்று உள்ளே ஓடினேன். அப்பாவின் வேட்டி மடிப்புக்குள், வாயைத் திறந்தபடி இருந்தது அறுபதாவது.

அதே துப்பட்டியை முதல் தடவை துவைத்தபோது நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய சேலைகளோடு, அழகாக இருக்கிறதே என்று ஒரு புதுச் சிவப்புச் சுங்குடித் துண்டையும் சேர்த்திருந்தேன். இப்போது அடியிலுள்ள வேட்டி ரோஸ் நிறம். புதுத் துணியைத் தனியாகத் தண்ணீரில் ஊறவைத்து அலசாமல் பழசோடு சேர்க்காதீர்கள். உள்பாவாடைக்கு எடுக்கிற பாப்ளினையும் நனைத்துக் காயவைத்துவிட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் முதல் துவைப்பில் கணுக்கால் தெரியும்.

2018-ல் மோட்டார் போட்டேன். கால் வலி போய்விட்டது. ஆனால் மிதிக்கும்போது தப்பு மெதுவாக நடக்கும், நடுவில் நிறுத்தலாம். மோட்டாரில் தப்பு முடிந்த பிறகுதான் தெரியும். கீழ்நூல் தீர்ந்தது தெரியாமல் ஒரு முழுத் திரைச்சீலையை வெறும் ஓட்டைகளாகத் தைத்து முடித்திருக்கிறேன். ஒருமுறை ஊசி ஆள்காட்டி விரல் நகத்தில் இறங்கியது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. டிடி ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

இதுவரை மாற்றியவை: தோல் பெல்ட் மூன்று முறை, பாபின் சுற்றுகிற இடத்து ரப்பர் வளையம் இரண்டு முறை, பாபின் கேஸ் ஒன்று (கீழே போட்டு நானே மிதித்தது). எல்லாம் எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கிற சாமான். பெல்ட் தளர்ந்தால் உடனே புதுசு வாங்க வேண்டியதில்லை, அரை அங்குலம் வெட்டிக் கொக்கியை மறுபடி மாட்டினாலே போதும்.

குறைகள் உண்டு. நேர்த்தையல் மட்டும்தான், ஜிக்ஜாக் கிடையாது, பிசிறடிக்க வெளியே ஓவர்லாக் கடைக்குத்தான் போக வேண்டும். நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். திருப்பூர் பனியன் துண்டுகளைச் சாதாரண ஊசியில் தைத்தால் தையல் விட்டுவிட்டுப் போகும், நுனி உருண்ட பால்பாயிண்ட் ஊசி மாற்ற வேண்டும். ரவிக்கை, பாவாடை, தலையணை உறை, எப்போதாவது ஒரு துப்பட்டி என்று தைப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். கைக்கடக்கமான பிளாஸ்டிக் மினி மெஷினை அதற்கு மாற்றாக வாங்க வேண்டாம், சேலை ஓரம் அடிப்பதற்கே மூச்சு வாங்குகிறது.

எண்ணெய் விடுவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தினமும் தைத்தால் வாரம் ஒருமுறை, ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு. விட்ட பிறகு பழந்துணியில் நான்கு வரிசை ஓட்டிவிட்டு மறுநாள் நல்ல துணியை எடுங்கள். அன்றைக்கே எடுத்தே தீர வேண்டுமென்றால் வெள்ளையை எடுக்காதீர்கள், அதிலும் நாத்தனார் வளைகாப்புக்குத் தைக்கிற வெள்ளை லைனிங்கை எடுக்கவே எடுக்காதீர்கள். கறைமேல் முகப்பவுடரைக் கொட்டி ஒரு ராத்திரி வைத்தால் பாதி எண்ணெயை உறிஞ்சிவிடும். மீதிப் பாதியை முந்தானை மறைத்தது.