பதிவெண் இல்லாத விமானத்துக்குப் பணம் கட்டாதீர்கள்

எங்கள் வட்டார விமான நிலையத்தில் சேவை தொடங்குவதாக அறிவித்த ஒரு புதிய குறைந்த கட்டண விமான நிறுவனத்திடம் நானும், என் பேச்சை நம்பிய ஒன்பது நண்பர்களும் ஏமாந்த விவரத்தை இங்கே எழுதுகிறேன். சிலருடைய வங்கி முறையீடுகள் இன்னும் முடியாததால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே முறையில் வேறொரு பெயரோடு வேறொரு நிலையத்திலும் ஒருவர் வந்து நிற்கலாம் என்பதால், நடந்த விதத்தைச் சொல்வதே அதிகம் பயன்படும் என்று கருதுகிறேன்.

விமானங்களைப் பார்ப்பதும், படம் எடுப்பதும், பதிவெண்களைக் குறித்து வைப்பதும் எனக்குப் பதினோர் ஆண்டுப் பழக்கம். பெரிய நிலையங்களில் ஒரு மணி நேரத்தில் இறங்கும் விமானங்கள்கூட எங்கள் ஒற்றை ஓடுபாதையில் ஒரு நாள் முழுவதும் இறங்குவதில்லை. ஆகையால் வேலிக்கு வெளியே நிற்கும் எங்களுக்கு இங்கே வரும் ஒவ்வொரு விமானமும் தெரிந்த முகம். சுழலிகளால் பறக்கும் சிறிய பயணிகள் விமானமான ஏடிஆர்களில் எது எந்த நாளில் வரும், எதன் வாலில் வண்ணம் உரிந்திருக்கிறது என்பதுவரை சொல்லிவிடுவோம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு புதிய நிறுவனம், புதிய வண்ணத்தில், புத்தம் புதிய ஏடிஆர் 72-600 ரக விமானத்தோடு வரப்போகிறது என்ற செய்தி எங்களுக்கு எவ்வளவு மகிழ்ச்சி தந்திருக்கும் என்பதை இந்த ஆர்வம் உள்ளவர்கள் அறிவார்கள்.

நிறுவனம் அந்த மகிழ்ச்சியை நன்றாகவே புரிந்துகொண்டிருந்தது. முதல் பயணத்துக்கு விமான ஆர்வலர்களுக்கென்றே ஒரு தனித் திட்டத்தை அறிவித்தார்கள். சன்னலோர இருக்கை, முதல் பயணச் சான்றிதழ், புறப்படுவதற்கு முன் விமானம் நிற்கும் தளத்தில் பத்து நிமிடம் நின்று படம் எடுக்கும் அனுமதி ஆகிய மூன்றையும் சேர்த்து, சாதாரணக் கட்டணத்தைப்போல ஏறத்தாழ இரு மடங்கு கேட்டார்கள். எனக்கும், இதுவரை விமானத்தில் ஏறியிராத என் அக்கா மகனுக்கும் வாங்கினேன். வாங்கியதோடு நில்லாமல், எங்கள் குழுவினரிடமும் எடுத்துச் சொன்னேன். இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான்.

கண்ணுக்கு முன்னால் இருந்த அடையாளங்களை நான் தள்ளிவிட்டேன். விளம்பரப் படத்தில் இருந்த விமானத்துக்கு நான்கு அலகுகள் (தகடுகள்) கொண்ட சுழலி (புரொப்பல்லர்) வரையப்பட்டிருந்தது. நான்கு அலகுகள் ஏடிஆர் 72-இன் தொடக்க கால வகைகளில் இருந்தவை; 600 வகைக்கு ஆறு அலகுகள். படத்தைப் பார்த்த கணமே இது எனக்குத் தெரிந்தது. ஓவியரின் கவனக்குறைவு என்று கடந்துவிட்டேன். அதைவிடப் பெரியது, அந்தப் படத்தில் பதிவெண்ணே இல்லை. எந்த விமானப் படத்தைப் பார்த்தாலும் முதலில் வால் பக்கத்துப் பதிவெண்ணைத் தேடும் கண்கள், தாம் விரும்பிய செய்தி வந்தபோது தேடவில்லை. சேவை தொடங்க ஐந்து வாரங்களே இருந்த நிலையில், பயணிகள் விமானம் ஒன்று வாங்கப்பட்டிருந்தால் அது ஏதாவதொரு நாட்டின் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும், அல்லது பழைய பதிவெண்ணோடு எங்காவது வண்ணம் பூசப்பட்டுக்கொண்டிருக்க வேண்டும். புதிய ஏடிஆர் என்றால் பிரான்சின் துலூஸ் நகரில் அதன் சோதனைப் பறத்தலையாவது யாராவது படம் எடுத்திருப்பார்கள். நான் தேடியிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது; அந்த வெறுமையே எனக்குப் பதிலாக இருந்திருக்கும்.

படம் எடுக்கும் அனுமதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதுகாப்புச் சோதனைக்கு அப்பால் உள்ள விமானத் தளத்தில் பயணி ஒருவர் நின்று படம் எடுக்க அனுமதி தருவது நிலைய நிர்வாகமும் பாதுகாப்பு அதிகாரிகளும் எடுக்கும் முடிவு. விமான நிறுவனம் அதற்காக விண்ணப்பிக்கலாமே தவிர, தன் சொத்தைப்போல விற்க முடியாது. பின்னர் நிலைய அலுவலகத்தில் விசாரித்தபோது, அப்படியொரு விண்ணப்பமே வரவில்லை என்றார்கள்.

முதலில் அறிவித்த தேதி, செயல்பாட்டுக் காரணம் என்ற ஒற்றைவரிக் குறுஞ்செய்தியோடு பதினாறு நாள் தள்ளிப்போனது. இரண்டாவது தேதியன்று காலை 8:40 மணிக்குப் புறப்பாடு. விமானங்களில் உள்ள டிரான்ஸ்பாண்டர்கள் தம் இருப்பிடத்தையும் உயரத்தையும் 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இடைவிடாமல் அறிவித்துக்கொண்டே இருக்கும். ஏடிஎஸ்-பி என்னும் அந்த முறையின் சமிக்ஞைகளை ஒரு சிறிய ரிசீவர் இருந்தால் யாரும் வாங்கலாம். என் வீட்டு மாடியிலும் ஒன்று இருக்கிறது. விமானம் அதிகாலையில் வேறொரு நிலையத்திலிருந்து காலியாக வந்து எங்களை ஏற்றிச்செல்லும் என்று சொல்லியிருந்ததால், ஆறு மணியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் ரிசீவரிலும் சரி, பல நாட்டு ஆர்வலர்களின் ரிசீவர்களை இணைத்துக் காட்டும் வரைபடத்திலும் சரி, அந்த நிறுவனத்தின் அழைப்புக்குறியோடு (பறக்கும்போது விமானத்தை அடையாளம் காட்டும் பெயர்) ஒரு விமானம்கூடப் பறக்கவில்லை.

ஆனாலும் போனோம். முனையத்தில் எங்கள் பைகளை எடைபோட்டு, கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதி என்று சொல்லி, என் லென்ஸ் பையில் இருந்த கூடுதல் இரண்டு கிலோவுக்குக் கட்டணம் வாங்கினார்கள். தளத்தில் விமானம் இல்லை, வானத்திலும் இல்லை என்பது தெரிந்த பிறகும் அந்தக் கட்டணத்தை நான் கட்டியதற்குக் காரணம், என் பக்கத்தில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்ற பிள்ளை. "மாமா, விமானம் கிளம்பிவிட்டதா என்று போனில் பாருங்களேன்" என்று அவன் மூன்று முறை கேட்டான். அறிவிப்புப் பலகையில் தாமதம் என்ற சொல் நான்கு மணி நேரம் மாறவில்லை. முகப்பில் இருந்த இளைஞரிடம் விமானம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "தாமதம் என்ற தகவல் மட்டும்தான் எங்களுக்கு வந்திருக்கிறது, சார்" என்றார். அவர் விமான நிறுவனத்தின் ஊழியரே அல்லர். பல நிறுவனங்களுக்கு ஒப்பந்த முறையில் முகப்பு வேலை செய்து தரும் தரைச்சேவை நிறுவனத்தைச் சேர்ந்தவர். அவர்மீது கோபப்படுவதில் நியாயமில்லை, யாரும் கோபப்படவும் வேண்டாம். பகல் ஒரு மணிக்கு ரத்து என்று அறிவித்தார்கள்.

அன்று மாலையே ஆறு மாதக் கெடுவோடு வவுச்சர் வந்தது. பணமாகத் திருப்பித் தரும்படி கேட்டு எழுதிய நான்கு மின்னஞ்சல்களுக்கும் தானியங்கிப் பதில்தான். சேவை ரத்தானால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும் என்று அவர்களுடைய பயண நிபந்தனைகளிலேயே எழுதியிருந்தது. ஆனால் வவுச்சரைத் திறந்து ஏற்றுக்கொள்கிறேன் என்ற பொத்தானை அழுத்தினால் அந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாகும் என்ற வரி அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. எங்களில் மூவர் அதை அழுத்திவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒருவழியாக ஒரு விமானம் வந்தது. வெள்ளை உடல், எந்த எழுத்தும் இல்லை, இயந்திர உறையில் பழைய நிறுவனத்தின் சின்னத்தை அழித்த தடம். பதிவெண்ணைத் தேடியபோது அது வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தமான, இருபது வயதை நெருங்கிய ஏடிஆர் என்று தெரிந்தது. விமானத்தோடு விமானிகள், பணியாளர்கள், பராமரிப்பு, காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்து வாடகைக்கு எடுக்கும் இந்த ஏற்பாட்டுக்கு வெட் லீஸ் என்று பெயர். இது முறையான ஏற்பாடுதான். பெரிய நிறுவனங்களும் செய்வதுண்டு. ஆனால் செலவு மிக அதிகம், குறைந்த கட்டணத்தில் அதை நெடுநாள் தாங்க முடியாது. 2018 அக்டோபர் தொடக்கத்தில் சேவையை நிறுத்திய ஐரோப்பியக் குறைந்த கட்டண நிறுவனமான பிரைமரா ஏர், புதிய விமானங்கள் தாமதமானதால் வாடகை விமானங்களை எடுக்க நேர்ந்ததையும் தன் வீழ்ச்சிக்குக் காரணமாகச் சொன்னது. எங்கள் வெள்ளை விமானம் பத்தொன்பது நாள் பறந்தது. பங்குதாரர் இயக்கும் சேவை என்று காரணம் சொல்லி அந்த நாட்களிலும் வவுச்சர்களை ஏற்கவில்லை. இருபதாம் நாள் முகப்பு மூடியிருந்தது.

புதிய நிறுவனங்கள் எல்லாம் ஏமாற்றுபவை என்று நான் சொல்லவில்லை. சிறிய நிலையங்களுக்கு விமானம் வருவதே பெரும்பாலும் இவர்களால்தான், நாளையே இன்னொன்று வந்தாலும் வேலி ஓரம் போய் நிற்பேன். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் அவர்களிடம் விமான இயக்குநர் சான்றிதழ் (பயணிகள் விமானச் சேவை நடத்த ஆணையம் தரும் அனுமதி) இருக்கிறதா, விண்ணப்ப நிலையில்தான் இருக்கிறதா என்று உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் பட்டியலில் பாருங்கள். சான்றிதழ் கிடைப்பதற்கு முன்பே பயணச்சீட்டு விற்பதை எல்லா நாடுகளும் ஒரேபோலத் தடுப்பதில்லை. பதிவெண்ணைக் கேளுங்கள்; விமானம் உண்மையாக இருக்கும் நிறுவனம் அதைப் பெருமையோடு சொல்லும். ஒரே ஒரு விமானத்தை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் சுற்றவிடும் நிறுவனத்தில் காலையில் நேரும் ஒரு பழுது அன்றைய எல்லாப் பயணங்களையும் கவிழ்த்துவிடும் என்பதால், அதிலிருந்து இறங்கி வேறொரு நிறுவனத்தின் விமானத்தைத் தனிச்சீட்டில் பிடிக்கத் திட்டமிடாதீர்கள்.

கடன் அட்டையில் கட்டுங்கள். 2019 மார்ச் 28 அன்று ஐஸ்லாந்தின் வாவ் ஏர் திடீரென்று நின்றபோதும், அட்டையில் பணம் கட்டியவர்கள் தங்கள் அட்டை நிறுவனத்தை அணுகும்படிதான் சொல்லப்பட்டது. சேவை கிடைக்காத பரிவர்த்தனையை எதிர்த்து வங்கியிடம் முறையிடும் இந்த வழிக்குச் சார்ஜ்பேக் என்று பெயர். பயணச்சீட்டு, ரத்து அறிவிப்பு, மின்னஞ்சல்கள் ஆகியவற்றோடு நான் கொடுத்த முறையீட்டில் இரண்டு பயணச்சீட்டுகளின் அடிப்படைக் கட்டணமும் ஏழு வாரத்தில் திரும்பியது. ஆர்வலர் திட்டத்தின் கூடுதல் தொகை வேறொரு நிகழ்ச்சி நிறுவனத்தின் பெயரில் பற்று வைக்கப்பட்டிருந்ததால் அது திரும்பவில்லை. முகப்பில் ரொக்கமாகக் கட்டிய பைக் கட்டணமும் போய்விட்டது.

என் சொல்லால் வாங்கிய ஒன்பது பேரில் ஐவருக்குப் பணம் கிடைத்திருக்கிறது. வவுச்சரை ஏற்றுக்கொண்ட மூவருக்கும், வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பிய ஒருவருக்கும் இன்னும் இல்லை; அவர்களுக்கான நுகர்வோர் புகார்களை நானே எழுதிக்கொடுத்து வருகிறேன். இதேபோல் வவுச்சர் கிடைத்து, இன்னும் அந்தப் பொத்தானை அழுத்தாமல் வைத்திருப்பவர்கள் அதைத் தொடாமல் விட்டுவிட்டு, முதலில் வங்கியை அழையுங்கள். முறையீட்டுக்கான கெடு பல அட்டைகளில் பயணத் தேதியிலிருந்து 120 நாள்தான்.