தங்கமீனுக்கு எந்த வீடு: கிண்ணமா, கண்ணாடித் தொட்டியா, பிளாஸ்டிக் டப்தானா?

சென்னை கொளத்தூரில் மீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவுக்குப் பிள்ளைகளோடு போனால் வெறுங்கையோடு திரும்ப முடியாது. காற்றடைத்து ரப்பர் பேண்டு சுற்றிய பையில் இரண்டு தங்கமீன், ஒரு கண்ணாடிக் கிண்ணம், கலர் கற்கள், ஒரு டப்பா தீனி. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். எட்டு லிட்டர் கிண்ணம். பதினோராம் நாள் காலையில் ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. பசிக்கிறது போல என்று இன்னும் நாலு உருண்டை தீனி போட்டேன். மதியம் மிதந்துகொண்டிருந்தது.

அதற்குப் பசி இல்லை, மூச்சு முட்டியிருக்கிறது. தங்கமீனுக்கு இரைப்பை என்று தனியாக ஒன்று கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகும். தின்றுகொண்டே இருக்கும், கழித்துக்கொண்டே இருக்கும். செவுள் வழியாகவும் அம்மோனியா இறங்கும். எட்டு லிட்டரில் அது இரண்டே நாளில் விஷமாகிவிடும். கண்ணுக்கோ தண்ணீர் பளிங்கு மாதிரிதான் தெரியும். கிண்ணத்தில் ஒழுங்கான ஃபில்டர் வைக்க இடம் இல்லை. வாரம் ஒரு முறை மொத்தத்தையும் கொட்டிச் சோப்புப் போட்டுக் கழுவினால், கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து போய்விடும். கிண்ணத்தில் பூ மிதக்க விடுங்கள், அழகாக இருக்கும்.

ஆக, போட்டி கண்ணாடித் தொட்டிக்கும் பிளாஸ்டிக் டப்புக்கும்தான்.

கடையில் முதலில் காட்டுவது இரண்டடித் தொட்டி. 24க்கு 12க்கு 12 அங்குலம் என்றால் விளிம்புவரை நிரப்பினாலே சுமார் 56 லிட்டர்தான். மேலே விடும் இடைவெளி, அடியில் கல் எல்லாம் போக ஐம்பதுகூடத் தேறாது. மீன் வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு, ஒரண்டா, ரான்சு மாதிரி உருண்டை வகையில் முதல் மீனுக்கு 75 லிட்டர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 40. இரண்டு மீனுக்கு 36க்கு 15க்கு 15 அங்குலத் தொட்டி, அதாவது ஏறக்குறைய 130 லிட்டர் தாராளம். ஒற்றை வால் நீள வகை ஓரடி அளவுக்குக்கூட வளரும். ஓரடி அகலத் தொட்டியில் அது திரும்புவதே பாடு. மூன்றடித் தொட்டி தண்ணீரும் கல்லும் சேர்ந்து 150 கிலோவைத் தாண்டும். டிவி ஸ்டாண்டில் வைக்க வேண்டாம். அடியில் தெர்மாகோல் போட மறக்காதீர்கள்.

ஃபில்டர் விஷயத்தில்தான் வீட்டுக்கு வீடு சண்டை. மோட்டாரில் ஓடும் பவர் ஃபில்டர் மிதக்கும் குப்பையை நன்றாக இழுக்கும், தண்ணீர் மின்னும். ஆனால் கரண்ட் போய் சில மணி நேரம் ஆனால் பெட்டிக்குள் நிற்கும் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். நீரோட்டம் வேகமாக இருந்தால் உருண்டை மீன்கள் தள்ளாடும். ஏர் பம்ப் காற்றில் ஓடும் ஸ்பான்ஜ் ஃபில்டர் பார்க்க அசிங்கம், குப்பையை மெதுவாகத்தான் பிடிக்கும். ஏர் பம்ப் சில வாட்தான் என்பதால் இன்வெர்ட்டரில் இரவெல்லாம் ஓடும், காற்றும் கூடவே கிடைக்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு ஸ்பான்ஜுக்கு. அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த பக்கெட் தண்ணீரில் பிழிந்தால் போதும். அந்தப் பழுப்புச் சாறு செடிக்கு நல்ல உரம்.

காற்று ஏன் முக்கியம் என்றால், 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும்; 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். தங்கமீன் குளிர் விரும்பி, நம் ஊர் மே மாதமோ அதற்கு நேர் எதிர். கடைக்காரர் ஹீட்டர் எடுத்துக்கொடுத்தால் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுங்கள்.

சரி, டப்? இருநூறு லிட்டர் டப் மூன்றடித் தொட்டியைவிட மலிவு, தண்ணீரும் கூடுதல். சீனாவிலும் ஜப்பானிலும் இந்த மீன்களைப் பல தலைமுறை மேலிருந்து பார்த்தே தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். ரான்சுவின் முதுகு வளைவு கண்ணாடி வழியே பாதிதான் புரியும். வெயில் பட்டுத் தண்ணீர் பச்சையானால் பயப்பட வேண்டாம், மீனின் நிறம் ஏறும். கொசுப் புழு வந்தால் அதுவும் தீனிதான். ஆனால் மொட்டைமாடி நடுவில் வைத்தால் மதியம் தண்ணீர் கொதிக்கும். காகம், பூனை, மழையில் நிரம்பி வழிந்து மீன் வெளியே போவது என்று தொல்லைகளும் உண்டு. வலை போட்டு, நிழல் விழும் பால்கனியோ போர்டிகோவோ இருந்தால் நான் டப்பைத்தான் சொல்வேன். ஹாலில் உட்கார்ந்து பார்க்க ஆசை என்றால் மூன்றடித் தொட்டி.

எதை வாங்கினாலும் மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். அதை முறிக்கும் சொட்டு மருந்து விடுங்கள். அப்புறம் ஃபில்டரை நாலு முதல் ஆறு வாரம் மீன் இல்லாமல் ஓட்டி, தினம் துளி தீனி மட்டும் போட்டுப் பாக்டீரியாவைக் குடியேற்றுங்கள். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும், அதைப் பாக்டீரியா மாற்றுவதால் வரும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு பூஜ்ஜியத்துக்கு இறங்க வேண்டும். தொட்டி இந்த மாதம், மீன் அடுத்த மாதம். வெறும் தொட்டியோடு கிளம்பும்போது கடைக்காரர் ஒரு மாதிரிதான் பார்ப்பார்.