மஸ்டாங், பேர்கேட், ஸீ ஃபியூரி: தென்கிழக்காசியாவில் எது தாக்குப்பிடித்தது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தென்கிழக்காசிய விமானப் படைகளில் பறந்த புரொப்பெல்லர் போர் விமானம் ஒன்றை 1:48 அளவில் மாதிரியாகச் செய்து அலமாரியில் வைக்க விரும்பினேன். இந்தோனேசியாவின் பி-51டி மஸ்டாங், தாய்லாந்தும் தென் வியட்நாமும் வைத்திருந்த எஃப்8எஃப் பேர்கேட், பர்மாவின் ஸீ ஃபியூரி ஆகிய மூன்றும் போட்டிக்கு வந்தன. நான் மஸ்டாங்கைத் தேர்ந்தெடுத்தேன்.

வேகமும் சுடுதிறனும் மட்டுமே அளவுகோல் என்றால் ஸீ ஃபியூரிக்குத்தான் முதலிடம். மணிக்கு ஏறத்தாழ 740 கி.மீ. வேகமும் நான்கு 20 மி.மீ. பீரங்கிகளும் கொண்ட அந்த விமானம், பர்மிய எல்லைக்குள் இருந்த கோமிண்டாங் (சீன உள்நாட்டுப் போரில் தோற்ற தேசியவாதக் கட்சி) படையினருக்குப் பொருள் வீச வந்த தைவான் விமானம் ஒன்றை 1961 பிப்ரவரியில் சுட்டு வீழ்த்தியது. ஆனால் அன்றைய தென்கிழக்காசியாவில் இந்த விமானங்களின் அன்றாட வேலை காட்டுக்குள் இருந்த கிளர்ச்சியாளர்களைத் தாக்குவதுதான். அதற்கு உச்ச வேகத்தைவிட, நாளைக் காலையும் எஞ்சின் ஓடுமா என்பதே முக்கியம். ஆகவே உதிரிபாகத்தையே நான் அளவுகோலாகக் கொண்டேன்.

ஸீ ஃபியூரி சுமார் 860 மட்டுமே தயாரிக்கப்பட்டது. அதன் பிரிஸ்டல் சென்டாரஸ் எஞ்சினில் வழக்கமான வால்வுகள் இல்லை. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஓர் உறை நகர்ந்து வழிவிடும் நுட்பமான அமைப்பு அது. எஞ்சினைக் கிளப்புவதற்கே வெடிமருந்துத் தோட்டா வேண்டும், முதல் முயற்சியில் கிளம்பாவிட்டால் இன்னொரு தோட்டா. பிரிட்டனிலிருந்து சரக்கு வந்துகொண்டிருக்கும் வரை இதில் சிக்கல் இல்லை.

பேர்கேட்டின் நிலை வேறு. அதன் பிராட் அண்ட் விட்னி ஆர்-2800, காற்றால் குளிரும் 18 சிலிண்டர் எஞ்சின். சி-46, டிசி-6 போன்ற பெரிய விமானங்களிலும் அதே குடும்பத்து எஞ்சின்தான் என்பதால் அதற்குப் பாகங்களும் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் எங்கும் கிடைத்திருக்க வேண்டும். தட்டுப்பாடு உடற்பகுதிக்குத்தான். மொத்தம் செய்ததே சுமார் 1,260, அமெரிக்கக் கடற்படையும் அதைச் சில ஆண்டுகளிலேயே முன்வரிசையிலிருந்து விலக்கிவிட்டது. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து தென் வியட்நாமுக்கு வந்த பேர்கேட்கள் 1960-இல் ஓய்வு பெற, அதே ஆண்டு ஸ்கைரெய்டர் என்ற அமெரிக்கத் தாக்குதல் விமானங்கள் அந்த இடத்துக்கு வந்தன.

இனி மஸ்டாங். அதன் பலவீனத்தை மறைத்துப் பயனில்லை. மெர்லின் எஞ்சின் திரவத்தால் குளிர்வது. வயிற்றுக்கடியில் தொங்கும் ரேடியேட்டரிலோ அதற்குச் செல்லும் குழாயிலோ ஒரு சாதாரணத் துப்பாக்கிக் குண்டு பட்டால் போதும், கூலன்ட் வடிந்து சில நிமிடங்களில் எஞ்சின் இறுகிவிடும். தாழப் பறந்து தாக்கும் வேலைக்குப் பேர்கேட்டின் எஞ்சினே பொருத்தமானது என்று வாதிடுவோருடன் எனக்குச் சண்டையில்லை. இருந்தும் இந்த மூன்றில் அதிக காலம் பணியில் நின்றது இதுதான். தயாரிக்கப்பட்டவை 15,000-க்கும் மேல். பாக்கார்டு நிறுவனம் மெர்லினை அமெரிக்காவிலேயே பெருமளவில் செய்து குவித்திருந்தது.

இந்தோனேசியா 1950-இல் டச்சுக்காரர்களிடமிருந்து மஸ்டாங்குகளைப் பெற்றது. 1958 மே 18 அன்று அம்போன் அருகே, இந்தோனேசியக் கிளர்ச்சியாளர்களுக்கு உதவ சிஐஏ (அமெரிக்க உளவு அமைப்பு) அனுப்பிய விமானி ஆலன் போப் ஓட்டிவந்த பி-26 குண்டுவீச்சு விமானம் விழுந்தபோது, அதைத் தாக்கிய மஸ்டாங்கில் இருந்தவர் இக்னேஷியஸ் டேவாண்டோ. வீழ்த்தியது அவரா, கீழே இருந்த கப்பலின் பீரங்கிகளா என்ற விவாதம் தனி. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிந்தைய பத்தாண்டு. அதிபர் சுகர்ணோ காலத்தில் வாங்கிய மிக்-21 முதலான சோவியத் ஜெட்டுகள், 1965-க்குப் பின் அரசியல் திசை மாறியதும் உதிரிபாகமின்றித் தரையில் முடங்கின. கிழட்டு மஸ்டாங்குக்கோ மறுவாழ்வு கிடைத்தது. ஃபுளோரிடாவில் ஒரு பத்திரிகை முதலாளி தொடங்கிய கேவலியர் நிறுவனம் பழைய மஸ்டாங்குகளைப் புதுப்பித்து விற்றுவந்தது. அந்த வகை விமானங்கள் ஆறு, 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க உதவியாக இந்தோனேசியா வந்து சேர்ந்தன. ஓவி-10 பிரான்கோ என்ற இலகுரகத் தாக்குதல் விமானம் வந்த பிறகே மஸ்டாங் விடைபெற்றது.

இது மாதிரி செய்பவனின் கணக்கு, ஸ்பேனர் பிடித்தவனின் கணக்கு அல்ல. ஒரு மணிநேரப் பறப்புக்கு எந்த விமானம் மெக்கானிக்கை அதிகம் வாட்டியது என்பதைப் பணிமனையில் நின்றவர்தான் சொல்ல முடியும். பிலிப்பைன்ஸும் தன் நாட்டுக் கம்யூனிஸ்டுகளின் ஹுக் கிளர்ச்சிக்கெதிராக மஸ்டாங்கையே பயன்படுத்தியது. ஆனால் அங்கே 1957 முதலே எஃப்-86 ஜெட்டுகள் வரத் தொடங்கிவிட்டதால், முதுமையில் மஸ்டாங் எப்படித் தாக்குப்பிடித்தது என்ற கேள்விக்கு அந்நாட்டு அனுபவத்தை நான் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை.