பொம்மை நோட்டு முதல் பிரீபெய்டு கார்டு வரை: ஆட்டிசம் உள்ள மகனுக்குப் பணம் பழக்கிய அனுபவம்

என் மகனுக்கு இப்போது பதினைந்து வயது. தொடக்கப்பள்ளிக் காலத்திலிருந்தே பணம் கையாளப் பழக்கி வருகிறோம். பொம்மை நோட்டு, டோக்கன் அட்டை, கண்ணாடிப் பாட்டில், படப்பட்டி, கடைசியாக, முன்கூட்டியே பணம் ஏற்றிச் செலவழிக்கும் பிரீபெய்டு கார்டு என்று கைக்குக் கிடைத்த எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்தாயிற்று. எது நிலைத்தது, எது பரணுக்குப் போனது என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

அவனுக்குக் கணக்கு நன்றாகவே வரும். மூன்று இலக்கக் கழித்தலை மனதிலேயே போடுவான். ஆனால் கவுன்டரில் நோட்டை நீட்டிவிட்டு, மீதியை வாங்காமல் நடையைக் கட்டிவிடுவான். பணம் கொடுத்தாயிற்று, அவனைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. கணக்குப் பாடத்தில் மதிப்பெண் வாங்குகிற பிள்ளைக்குப் பணமும் தானாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.

பொம்மை நோட்டு எங்களுக்கு உதவவில்லை. ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்தில் பயன்படுத்துவது ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குக் கடினம். அட்டை நோட்டை அவன் விளையாட்டுச் சாமானாகவே வைத்துக்கொண்டான். நிஜப் பணத்துக்கு மாறியதும் வேறு தலைவலி: கசங்கிய நோட்டைத் தொடமாட்டான்; அதே மதிப்பில் வேறு வடிவமைப்பில் நோட்டு வந்தால், அது பணமே இல்லை என்பான். புதியது, பழையது, ஓரம் மடங்கியது எல்லாவற்றையும் கலந்து கொடுத்து, மதிப்பு வாரியாகப் பிரிக்கச் சொன்னோம். பிரித்து அடுக்குவது அவனுக்கு உயிர் என்பதால் பழகிவிட்டது. (நாணயங்களை மட்டும் ஆண்டு வாரியாக அடுக்கி வைத்துக்கொண்டு, ஒன்றைக்கூடச் செலவழிக்க விடமாட்டான். இன்றும் அப்படித்தான்.)

மீதி வாங்குவதற்குக் கைகொடுத்தது படப்பட்டி. பொருளை எடு, வரிசையில் நில், விலையைப் பார், பணம் கொடு, மீதியை வாங்கு, பர்ஸில் வை என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு படம். சிறப்பாசிரியர் சொன்னபடி கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்பித்தோம். முதலில் எல்லாவற்றையும் நாங்கள் செய்வோம். மீதியைப் பர்ஸில் வைப்பது மட்டும் அவன் வேலை. அது வந்த பிறகு, மீதியை வாங்குவதும் அவன் பொறுப்பு. இதில் உள்ள வசதி, எந்த நாளிலும் வேலையை முடிப்பவன் அவனாகவே இருப்பான்.

அப்புறம் 'ஒன்று கூட்டிக் கொடுப்பது'. விலை நான்கும் சில்லறையும் என்றால் ஐந்து கொடு. சில்லறையை எண்ண வேண்டாம். பின்னால் வரிசை நிற்கும்போது, பதற்றத்தில் எண்ணத் தடுமாறும் பிள்ளைகளுக்கு இது பெரிய நிம்மதி. விலை சரியாக நான்கு என்றாலும் ஐந்து கொடுப்பான், ஒன்று திரும்பி வரும், நஷ்டமில்லை. சின்னத் தொகைக்குத்தான் இது சரிப்படும்.

சேமிப்புக்கு, உள்ளே இருப்பது தெரிகிற இரண்டு பாட்டில்கள். ஒன்று செலவுக்கு, ஒன்று சேமிப்புக்கு. அவன் ஆசைப்பட்ட ஹெட்போனின் படத்தை அச்செடுத்து, சதுரங்களாக வெட்டி வைத்தோம். சேமிப்புப் பாட்டிலில் பணம் போடும் ஒவ்வொரு முறையும் ஒரு சதுரத்தை ஒட்டலாம். 'இன்னும் கொஞ்ச நாள்' என்ற சொல் அவனிடம் ஒருபோதும் எடுபட்டதில்லை. ஒட்டாமல் கிடந்த சதுரங்கள் எடுபட்டன. ஒரு வேலையைச் செய்தால் ஒரு டோக்கன், டோக்கன்கள் சேர்ந்தால் ஒரு பரிசு என்கிற டோக்கன் அட்டையும் ஓரளவு உதவியது. ஆனால் பல் தேய்ப்பதற்கெல்லாம் டோக்கன் கொடுக்க ஆரம்பித்தால், கொடுக்காத நாளில் பல் தேய்க்கமாட்டார்கள். வீட்டுவேலைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கார்டைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. செலவு செய்த உடனே என் போனுக்குத் தகவல் வருகிறது, வரம்பு வைக்கலாம், ஆன்லைன் வாங்குதலை மூடி வைக்கலாம். அதெல்லாம் பெரிய வசதிதான். ஆனால் பாட்டிலில் குறைவது கண்ணுக்குத் தெரியும், கார்டில் தெரியாது. அதனால் கார்டில் ஏற்றும் தொகையை நிஜ நோட்டாகப் பாட்டிலில் வைத்து, செலவானதும் அதே அளவை அவனே எடுத்து என்னிடம் தருகிற வழக்கத்தை வைத்திருக்கிறோம். இன்னொரு சிக்கல், சில இடங்களில் முதலில் ஒரு தொகையை நிறுத்திவைத்து, பிறகுதான் சரியான தொகையைக் கழிக்கிறார்கள். காலையில் ஒரு இருப்பு, மாலையில் வேறு இருப்பு. எண்களை அப்படியே நம்புகிற பிள்ளைக்கு அது பொய் சொன்னதற்குச் சமம். அன்று வீடு இரண்டுபட்டது. கார்டு மறுக்கப்பட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே சின்னக் கதையாக எழுதி, பலமுறை படித்துக் காட்டிவிடுங்கள்.

வளர்ந்த பிள்ளைகளிடம் எனக்கு மிகப் பெரிய கவலை, ஏமாறுவதுதான். ஆன்லைன் விளையாட்டில் 'நீ என் நண்பன்தானே, எனக்கும் வாங்கிக் கொடு' என்று யாராவது கேட்டால், இவன் அதை அப்படியே எடுத்துக்கொள்வான். 'யார் பணம் கேட்டாலும், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்' என்று எழுதி ஒட்டினோம். அடுத்த முறை கடையில் கேஷியரிடமே, 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்றான். சரி, விதியை இரண்டாகப் பிரித்தோம்: கையில் பொருளும் பில்லும் இருந்தால் கொடு, இல்லாவிட்டால் வீட்டில் கேள். கார்டின் ரகசிய எண்ணை (PIN) யாருக்கும் சொல்லாதே என்பது மட்டும் ஒரே முறையில் பதிந்தது. இப்போது எங்களிடமே சொல்ல மறுக்கிறான்.

வாங்குகிற உத்தேசம் இருந்தால், நிஜப் பணமும் பாட்டிலும் நன்றாகப் பழகிய பிறகு கார்டு வாங்குங்கள். மாதாமாதம் தானாகக் கழியும் சந்தா அவனுக்கு இன்னும் புரியவில்லை. அதற்கு ஒரு படப்பட்டி தயாராகிக்கொண்டிருக்கிறது.